தவளை கத்தவில்லையா, கருவி கேட்கவில்லையா?

தவளைகளைக் குரலால் கணக்கெடுக்கும் தன்னார்வலர்களின் அளவுகோல் மிக எளிமையானது. சூரியன் மறைந்து அரை மணி நேரமாவது கழிந்தபின் குளக்கரைக்குப் போய் நிற்க வேண்டும். நம் காலடிச் சத்தத்துக்கு வாய் மூடியவை மறுபடி தொடங்கும்வரை ஓரிரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, அடுத்த மூன்று நிமிடம் காதைக் கூர்மையாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் எண். குரல்கள் தனித்தனியாக, எண்ணிவிடும்படி கேட்டால் 1. ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலும் பிரித்தறிய முடிந்தால் 2. இடைவெளியே இல்லாத முழுக் கச்சேரி என்றால் 3. எதுவும் கேட்கவில்லை என்றால் 0. வட அமெரிக்காவின் இருவாழ்விக் கண்காணிப்புத் திட்டத்தில் வேரூன்றிய இந்த முறையைத்தான் எங்கள் சிறு குழுவும் பின்பற்றி வந்தது.

படிவங்களைச் சேர்த்துப் பார்த்தபோது தொல்லை கொடுத்தது அந்த 0. சிலர் தவளை கத்தாத இரவுக்கு 0 எழுதியிருந்தார்கள். சிலர் தாங்களே போகாத இரவுக்கும் 0 எழுதியிருந்தார்கள். வேறு சிலர் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். அதற்குப் பொருள் எதுவாகவும் இருக்கலாம். ஒரு குளத்தில் ஓர் இனம் குறைகிறதா என்று ஆண்டுகள் கழித்துப் பார்க்கப்போகிறவருக்கு 3 எவ்வளவு தேவையோ அவ்வளவு 0-வும் தேவை. நம்ப முடியாத 0 இருப்பதைவிட அந்த வரியே இல்லாமல் இருப்பது மேல்.

ஆளே போகாத இரவுகளையும் நிரப்பலாம் என்றுதான் தானியங்கி ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைக் கரையில் கட்டினோம். கருவி வந்த பிறகு 0 பற்றிய சந்தேகம் தீரும் என்று நினைத்தோம். உண்மையில் அது இன்னும் நுணுக்கமானது. இந்தக் கட்டுரையில் பாதி அந்தச் சந்தேகத்தைத் துரத்திய கதைதான்.

கருவியும் அமைப்புகளும்

நாங்கள் வைத்தது ஆடியோமாத். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய மின்சுற்றுப் பலகை; பின்புறம் மூன்று ஏஏ பேட்டரிகள், பக்கத்தில் மைக்ரோ எஸ்டி கார்டு, நடுவே ஊசித்துளை அளவு மைக். வடிவமைப்பு திறந்த உரிமத்தில் இருப்பதால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். கணினியில் இணைத்து, எந்த நேரத்தில் விழிக்க வேண்டும், எவ்வளவு நேரம் பதிய வேண்டும், ஒலியை எவ்வளவு பெருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும். அதன்பின் அது பாட்டுக்குத் தூங்கி எழுந்து வேலை செய்யும்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது நொடிக்கு எத்தனை மாதிரிகள், அதாவது ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து எழுத வேண்டும் என்பது. பதிவில் பிடிபடும் உச்ச அதிர்வெண், மாதிரி எண்ணிக்கையில் பாதி. நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுத்தால் 24 கிலோஹெர்ட்ஸ் வரை பதிவாகும்; மனிதக் காதுக்கு எட்டும் 20 கிலோஹெர்ட்ஸை அது தாண்டிவிடுகிறது. தவளைக்கு மட்டும் என்றால் 16,000 போதும். ஆனால் அதே பதிவுகளில் விடியற்காலைப் பறவைகளையும் பார்க்க ஆசைப்பட்டோம். பறவைக் குரலை அடையாளம் காணும் பேர்ட்நெட் மென்பொருள் 48,000-ஐ எதிர்பார்க்கிறது. எனவே அதையே வைத்தோம். வௌவால் வேண்டும் என்று ஒரு கட்சியும் குழுவில் இருந்தது. அதற்கு 192,000 அல்லது 384,000 வரை போக வேண்டும். கார்டு அந்த வேகத்திலேயே நிரம்பும். வௌவால் கட்சி தோற்றது.

48,000 மாதிரிகள், மாதிரிக்கு 2 பைட் என்றால் நொடிக்கு 96,000 பைட், நிமிடத்துக்கு 5.76 மெகாபைட். மாலை 6 மணி முதல் நள்ளிரவு வரை கால் மணிக்கு ஒருமுறை மூன்று நிமிடம், விடியலில் இரண்டு மணி நேரம் அதே தாளத்தில். மொத்தம் நாளுக்கு 96 நிமிடம், ஏறக்குறைய 553 மெகாபைட். 32 ஜிகாபைட் கார்டு ஐம்பது நாளைத் தாண்டும். மூன்று நிமிடம் என்று வைத்தது வேண்டுமென்றே. கரையில் நிற்கும் மனிதர் கேட்கும் அளவும் கருவி கேட்கும் அளவும் ஒன்றாக இருந்தால்தான் இரண்டையும் ஒரே படிவத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைக்க முடியும்.

ஒலிப்பெருக்கத்தை நடுத்தரத்திலேயே நிறுத்தினோம். அதிகம் வைத்தால் தொலைவில் உள்ளது கேட்கும் என்பது சரி. ஆனால் மைக்கின் அருகில் ஒரு தவளை உட்கார்ந்து கத்தினால் அலையின் தலை வெட்டுப்பட்டு, பதிவு முழுக்க இரைச்சலாகிவிடும். எந்த அளவு வைத்தாலும் சரி, ஒருமுறை வைத்ததை ஆண்டு முழுவதும் தொடக்கூடாது. நடுவில் மாற்றினால் தவளை பெருகியதா, பெருக்கம் கூடியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

பெட்டி

வெறும் பலகையை மரத்தில் கட்ட முடியாது. ஜிப் பூட்டு பிளாஸ்டிக் பையில் போட்டுத் தொங்கவிடுபவர்கள் உண்டு. செலவில்லாத வழிதான், ஆனால் காற்றில் பை சரசரக்கும் ஒலி எல்லாப் பதிவிலும் விழும், உயர்ந்த சுருதி ஒலிகளும் சற்று மங்கும். ரப்பர் விளிம்புள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்து, மைக் வரும் இடத்தில் துளையிட்டு, நீரை விலக்கிக் காற்றையும் ஒலியையும் விடும் சவ்வு வில்லை ஒன்றை உள்ளிருந்து ஒட்டினோம். மைக்குக்கும் சவ்வுக்கும் நடுவே காலி இடம் இருந்தால் அது குட்டி அறைபோல முழங்கி ஒலியின் நிறத்தையே மாற்றிவிடும். ஆகவே மென்நுரை வளையம் ஒன்றை இடையில் வைத்து, பலகையைத் துளையோடு இறுக்கினோம்.

நீர் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. பகலில் சூடேறிய டப்பா இரவில் குளிரும்போது, மூடும்போது உள்ளே சிக்கிய ஈரக்காற்றே பனித்துளியாகி பலகையில் படிகிறது. அதனால் மூடும் வேலையைக் குளக்கரையில் வைத்துக்கொள்ளாமல் வீட்டிலேயே, காற்று வறண்டிருக்கும் நண்பகலில் செய்வது நல்லது. உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. ஈரம் குடித்ததும் நிறம் மாறும் வகை என்றால் மூடியைத் திறக்காமலே நிலவரம் தெரியும். ஒளி புகும் டப்பாவுக்கு இது ஒரு கூடுதல் பயன்.

மழைத்துளி டப்பாவின் தலையில் விழுந்தால் பறையடித்ததுபோல் ஒலிக்கும். மேலே தடித்த நார்ப்பட்டை ஒன்றைக் கட்டியதும் அந்த அடி பெரிதும் அடங்கியது. துளை தரையை நோக்கிச் சாய்ந்திருக்கும்படி கட்டினால் சாரல் சவ்வின்மேல் தங்காது. எறும்புகளுக்கு இந்தத் துளைமேல் தனிப் பிரியம். சவ்வைக் கடித்துக் குதறும்வரை விடாதவை அவை. நுண்ணிய கம்பிவலைத் துண்டு ஒன்றை வெளியே வைத்தபிறகே ஓய்ந்தன. மரத்தில் ஆணி அடிக்கவில்லை. அகலமான துணிப்பட்டை போதும், மரம் பருக்கப் பருக்க அதைத் தளர்த்திவிட வேண்டும்.

எவ்வளவு தூரம் கேட்கிறது

பெட்டி கட்டுவதைவிட இந்தப் பகுதிக்கு அதிக நேரம் கொடுத்தோம். இதைச் செய்யாமல் கருவி வைப்பவர்கள் நிறைய. என்னைக் கேட்டால், இது இல்லாத பதிவில் 0 எழுதவே உரிமை இல்லை.

கருவியிலிருந்து 10, 20, 40, 80 மீட்டரில் குச்சி நட்டோம். ஒவ்வொரு குச்சியிலும் கைபேசி ஒன்றை ஒரே ஒலியளவில் வைத்து, 1, 2, 4 கிலோஹெர்ட்ஸ் சுருதிகளைப் பத்துப் பத்து நொடி ஒலிக்கவிட்டோம். தவளைக் குரலையே ஒலிக்கவிட்டுச் சோதிப்பதைத் தவிர்த்தோம். எல்லைக்குப் போட்டியாளன் வந்துவிட்டான் என்று அங்குள்ள ஆண்களைக் குழப்புவது எதற்கு? வெறும் சுருதியே அளவீட்டுக்குச் சிறந்தது. பின்னர் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் பதிவைத் திறந்து, ஒலி நிறமாலைப் படத்தில் எந்தக் குச்சிவரை கோடு தெரிகிறது என்று பார்த்தோம். கிடைமட்டம் நேரம், செங்குத்து சுருதி, நிறத்தின் செறிவு ஒலியின் வலு. தூய சுருதி இந்தப் படத்தில் நேர்க்கோடாகத் தெரியும்.

திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபெல் இறங்கும். இது பாடப்புத்தகக் கணக்கு. கோரையும் புதரும் நடுவில் வந்தால் இழப்பு இன்னும் கூடும். உயர்ந்த சுருதிகள்தான் முதலில் தேயும். எங்கள் கரையில் 1 கிலோஹெர்ட்ஸ் கோடு தெளிவாகத் தெரிந்த தொலைவில் 4 கிலோஹெர்ட்ஸ் காணாமல் போயிருந்தது. அதாவது தாழ்ந்த குரலில் முழங்கும் பெரிய தவளைக்கும், கீச்சுக் குரலில் கூப்பிடும் சிறு தவளைக்கும் கருவியின் எல்லை ஒன்றல்ல. இனத்துக்கு இனம் வட்டம் வேறு.

இதைப் பரப்பளவாக மாற்றினால் விபரீதம் புரியும். 40 மீட்டர் வட்டம் என்றால் ஏறக்குறைய 5,000 சதுர மீட்டர், அரை ஹெக்டேர். காற்று வீசும் இரவில் அது 20 மீட்டராகச் சுருங்கினால் மிஞ்சுவது 1,250 சதுர மீட்டர், கால் பங்கு. கருவி அதே இடத்தில்தான் இருக்கிறது, தவளைகளும் அங்கேயே இருக்கின்றன. கணக்கெடுப்பின் பரப்பு மட்டும் நான்கில் ஒன்றாகிவிட்டது. காற்றுள்ள இரவின் 1-ஐயும் அமைதியான இரவின் 1-ஐயும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பதை இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

குச்சிச் சோதனையை இலையடர்ந்த காலத்தில் ஒருமுறையும் இலையுதிர்ந்த காலத்தில் ஒருமுறையும் செய்ய வேண்டும். இடையில், கார்டு மாற்றப் போகும்போதெல்லாம் அதே கைபேசி, அதே ஒலியளவு, ஒரு மீட்டர் தூரம், பத்து நொடிச் சுருதி. அந்தப் பத்து நொடிகளின் வலுவை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வந்தால் மைக் தளர்வது கண்ணுக்குத் தெரியும். ஈரத்தில் மைக் ஒரே நாளில் செத்துப்போவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் செவிடாகிறது. இந்த வரிசை இல்லாவிட்டால் அந்தச் செவிட்டுத்தனம் வரைபடத்தில் தவளைகளின் வீழ்ச்சியாகத் தெரியும்.

கரைக்குப் போய்வரும் செருப்பு, குச்சி பற்றி ஒரு வார்த்தை. 1999-இல் அறிவியல் பெயர் பெற்ற கைட்ரிட் பூஞ்சை உலகெங்கும் இருவாழ்விகளை அழித்து வருகிறது. ஈரச் சேற்றோடு ஒட்டிப் பயணிக்கும். ஒரு குளத்துச் சேற்றை இன்னொரு குளத்துக்குக் கொண்டுபோகாமல் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே அடுத்த இடம்.

கடிகாரம்

கருவி எழுதும் கோப்புப் பெயரிலேயே தேதியும் நேரமும் இருக்கும். வழக்கமான அமைப்பில் அது உலகப் பொது நேரம்; உள்ளூர் நேரத்துக்கு மாற்றாமல் விட்டால் விடியலில் கூவிய குயில் நடுராத்திரிப் பறவையாகிவிடும். பேட்டரியைக் கழற்றினால் கடிகாரமும் போகும், மறுபடி கணினியிலிருந்தோ கைபேசியிலிருந்தோ நேரம் கொடுக்க வேண்டும். குவார்ட்ஸ் கடிகாரம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினால்கூட நாளுக்கு 1.7 நொடி, மாதத்துக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு கருவிக்கு இது பொருட்டே இல்லை.

எங்களில் இளையவன், பள்ளி மாணவன், காலிப் பதிவு ஒன்றைக் கேட்டுவிட்டு, “அண்ணா, அந்த நேரத்தில் கருவி விழித்துத்தான் இருந்ததா? எப்படித் தெரியும்?” என்றான். அதன்பிறகே கோப்பின் தலைப்பகுதியைப் படிக்கத் தொடங்கினோம். ஒவ்வொரு பதிவின் தலைப்பிலும் கருவியின் அடையாள எண், ஒலிப்பெருக்க அளவு, பேட்டரியின் வோல்டேஜ், வெப்பநிலை ஆகியவற்றை ஆடியோமாத் எழுதிவைக்கிறது. அந்த வெப்பநிலையைக் காற்றின் வெப்பநிலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, டப்பாவுக்குள் இருப்பது அது. இருந்தாலும் கருவி உயிரோடு இருந்தது என்பதற்குச் சாட்சி. ஒவ்வோர் இரவும் எத்தனை கோப்புகள் வந்திருக்க வேண்டும், எத்தனை வந்தன என்பதற்குப் படிவத்தில் ஒரு பத்தி சேர்த்தோம்.

கேட்பது

பறவைகளுக்கு பேர்ட்நெட் இருக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கியது. பதிவை மூன்று நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் இன்ன பறவை என்று 0-க்கும் 1-க்கும் இடையே ஒரு மதிப்பெண்ணோடு சொல்லும். 0.9 என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு சரி என்று எடுத்துக்கொள்வது ஆபத்து. அது மென்பொருள் தன்மேல் வைத்திருக்கும் நம்பிக்கை. உண்மை வேறு ஊரில் இருக்கலாம். நாங்கள் செய்வது, ஒவ்வொரு பறவைக்கும் மதிப்பெண் அடுக்குகளிலிருந்து துண்டுகளைக் குலுக்கிப்போட்டு எடுத்துக் கேட்பது. எந்த மதிப்பெண்ணுக்குமேல் பத்தில் ஒன்பது சரியாக வருகிறதோ அதுவே அந்தப் பறவைக்கு வாசல். குயிலுக்கு வாசல் தாழ்வாக இருந்தது. பக்கிக்குருவிக்கு மிக உயரம், ஏனெனில் இரவுப் பூச்சிகளின் தாளத்தை மென்பொருள் அடிக்கடி அதன் தலையில் கட்டியது.

தவளைகளை நாங்களே கேட்கிறோம். நம் இனங்களின் குரல்களைச் சேர்த்துக் கொடுத்து மென்பொருளுக்குக் கற்பிக்கும் வசதி பேர்ட்நெட்டில் உண்டு என்றாலும், அதற்குச் சரிபார்த்த குரல்கள் கணிசமாக வேண்டும். இப்போதைக்கு நிறமாலைப் படமும் காதும்தான். பழகிய கண்ணுக்குப் படமே முக்கால்வாசி சொல்லிவிடும். சிள்வண்டு 4, 5 கிலோஹெர்ட்ஸ் அருகே மெல்லிய ஒற்றைக் கோடாக மணிக்கணக்கில் போகும். சிறு தவளையின் கூப்பாடு அதே உயரத்தில் வந்தாலும் துடிப்புகளாக உடைந்து, மேலே அதன் மடங்குச் சுருதிகளின் மங்கிய கோடுகளோடு நிற்கும். வெப்பம் கூடினால் இரண்டின் தாளமும் வேகம் பிடிக்கும் என்பதால், தாளத்தை மட்டும் நம்பிப் பெயர் சூட்டக் கூடாது.

மழையிரவுதான் பெரிய முரண். தவளைகள் குதூகலிக்கும் இரவு அதுவே, கருவி குருடாகும் இரவும் அதுவே. கொட்டும் மழையின் இரைச்சல் எல்லாச் சுருதியிலும் பரவி, படத்தை ஒரே சாம்பல் சுவராக்கிவிடும். அந்தப் பதிவில் தவளைக் குரல் தெரியவில்லை என்பதால் 0 எழுதினால், ஆண்டின் மிகச் சிறந்த இரவை மிக மோசமான இரவாகப் பதிவு செய்தவர்களாவோம். இதற்காகவே “கேட்கும் நிலை” என்ற பத்தி வந்தது. மழை, காற்று, ஜெனரேட்டர் இரைச்சல் என்று எதுவாவது சுருதிப் பட்டையை மூடியிருந்தால் அங்கே “மதிப்பிட இயலாது” என்று எழுதி, எண் கட்டத்தைக் கோடிட்டு அடித்துவிடுகிறோம். இதே விதி இன்னொரு இடத்திலும் தேவைப்பட்டது. ஓர் இனம் 3-இல் முழங்கும்போது அதன் அடியில் மெலிந்த குரலுள்ள மற்றோர் இனம் கத்தினாலும் கேட்காது. அதற்கும் 0 கிடையாது.

அப்படியே சுத்தமான 0 கிடைத்தாலும் அதன் பொருள் குறுகியது. கத்துவது பெரும்பாலும் ஆண் தவளைகள்தான், அதுவும் இனப்பெருக்கக் காலத்தில். வாய் திறக்காத பெண்ணும் தலைப்பிரட்டையும் பதிவில் விழாது. ஒரே இரவை வைத்து இல்லை என்று சொல்லவும் முடியாது. ஓர் இனம் குளத்தில் இருக்கும்போது ஓர் இரவில் பதிவில் அகப்படும் வாய்ப்பு நூற்றுக்கு 40 என்று வைத்துக்கொண்டால், ஐந்து இரவும் தொடர்ந்து நழுவிப்போகும் வாய்ப்பு 0.6-ஐ ஐந்து முறை பெருக்கினால் கிடைப்பது, ஏறத்தாழ நூற்றுக்கு 8. இரவுகள் ஒன்றையொன்று சாராதவை என்றால்தான் இந்தக் கணக்கு. வறண்ட வாரத்தில் ஐந்து இரவும் ஒன்றுபோலவே மௌனமாக இருக்கும். எனவே இரவுகளைத் தள்ளித் தள்ளித் தேர்ந்தெடுத்துக் கேட்கிறோம்.

கரையில் மனிதர் நிற்கும் இரவுகளை நிறுத்தவில்லை. அவர்கள் எழுதிய எண்ணையும், வேறொருவர் அதே மூன்று நிமிடப் பதிவைக் கேட்டு எழுதிய எண்ணையும் ஒப்பிட்டபோது 3 எப்போதும் ஒத்துப்போனது. 1-இல்தான் சண்டை. எதிர்க்கரையில் தனியாகக் கத்தும் ஒற்றைத் தவளையை மனிதக் காது திசை பார்த்துப் பிடித்துவிடுகிறது. ஒற்றை மைக்குக்குத் திசை தெரியாது, தூரமும் தெரியாது. அதனால் இரண்டையும் சராசரி செய்யாமல் தனித்தனிப் பத்தியாகவே வைத்திருக்கிறோம்.

மனிதப் பேச்சும் பதிவாகும். நிலத்துக்குப் பொறுப்பானவரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி, மரத்தில் இது ஒலிப்பதிவுக் கருவி, இன்ன நோக்கம், இன்ன நேரம் என்று பெரிய எழுத்தில் பலகை தொங்கவிட்டோம். பேச்சு விழுந்த துண்டை முதலில் கேட்பவரே அழிக்க வேண்டும். அடுத்தவருக்கு அனுப்பக் கூடாது.

தெளிவான குரல்கள், இயற்கையில் கண்டதையும் கேட்டதையும் யாரும் ஏற்றக்கூடிய ஐநேச்சுரலிஸ்ட், ஜீனோ-கான்டோ என்ற இணையதளங்களுக்குப் போகின்றன. இரண்டும் ஒலியை ஏற்கின்றன. அழியும் நிலையில் உள்ள இனம் என்றால் துல்லிய இருப்பிடத்தை மறைத்தே ஏற்றுகிறோம். ஆனால் அங்கே போவது இருப்பவை மட்டும். இல்லாதவற்றுக்கு, பறவை பார்ப்பவர்கள் பட்டியல் ஏற்றும் ஈபேர்ட் தளத்தில் ஓர் அழகான கேள்வி உண்டு: அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் இந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டீர்களா? ஆம் என்று சொன்னால், பட்டியலில் இல்லாத பறவையும் ஒரு தகவலாகிறது. 2002-இல் தொடங்கிய அந்தத் தளத்தின் தரவு ஆய்வாளர்களுக்கு இவ்வளவு பயன்படுவதில் அந்த ஒரு கேள்விக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு. எங்கள் தவளைப் படிவத்தின் தலையிலும் அதைப் போட்டுவிட்டோம், “கேட்ட எல்லாவற்றையும் எழுதினீர்களா?” என்று.

இப்போது படிவத்தில் எண்ணைத் தவிர நான்கு பத்திகள்: வந்த கோப்புகள், சுருதிச் சோதனையின் வலு, கேட்கும் நிலை, கேட்டவரின் பெயர்ச்சுருக்கம். பழைய படிவங்களில் நின்ற 0-க்களில் யார் போனார், யார் போகவில்லை என்று நினைவுள்ளவரை கேட்டுப் பிரித்தோம். உறுதி சொல்ல முடியாதவற்றைக் காலியாக்கினோம். வரைபடம் முன்பைவிட ஓட்டையாகத் தெரிகிறது. அடுத்த வேலை இரண்டாவது கருவியை எதிர்க்கரையில் கட்டுவது. குச்சிகளையும் கைபேசியையும் எடுத்துவைத்தாயிற்று. கோரை அந்தப் பக்கம் அடர்த்தி அதிகம், 4 கிலோஹெர்ட்ஸ் 20 மீட்டரைத் தாண்டுமா என்பதே சந்தேகம். தாண்டாவிட்டால் சிறு தவளைக்கான பத்தியை அந்தக் கருவியின் படிவத்தில் சேர்க்கப்போவதில்லை.